போயிட்டு வா என்று சொல்லிவிட்டேன்

ஒருத்தியைப் போய்விடு என்று வேண்டிக்கொள்கிறோம். போனால் இன்னது தருகிறேன் என்றும் சொல்கிறோம். அவளும் போய்விடுகிறாள். அதன் பிறகு அந்தப் பொருளை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது? தேடிப்போய்க் கொடுத்தால் அவளை மறுபடி கூப்பிட்டதாக ஆகிவிடாதா?

இதற்கு இன்றுவரை எனக்குப் பதில் தெரியவில்லை. என் கணவர் இதைக் கேள்வி என்றே ஒப்புக்கொள்வதில்லை.

கண்ணை மூடினால் அந்தப் படகு தெரிகிறது. மாமல்லபுரத்துக்கு மேற்கே, பக்கிங்காம் கால்வாயில், எங்கள் வீட்டுக்கு எதிரே கட்டியிருந்தது. காலை வெயில். விறகும் உப்பும் ஏற்றிப்போகிற படகுதான். அன்றைக்கு அதன் நடுவில் வைக்கோலைப் பரப்பி, ஆள் உயரத்துக்குச் சற்றுக் குறைந்த ஒரு கல்லைக் குப்புறப் படுக்கவைத்திருந்தார்கள். தென்னங்கயிறு போட்டு இறுக்கி, கயிறு உரசாமலிருக்க இடுப்புப் பக்கம் கோணியை மடித்துச் செருகியிருந்தார்கள். பிரசவத்துக்குப் போகிறவளை வண்டியில் ஏற்றுவது போல அவ்வளவு பக்குவம்.

படகுக்காரப் பெரியவர் மூங்கில் கழியைக் கரையில் ஊன்றித் தள்ளினார். படகு அசைந்தது.

"அப்ப வர்றோம்மா" என்றார்.

என் இடுப்பில் மகள் கோமதி. பக்கத்தில் அஞ்சலை. நான் வாயைத் திறந்தேன்.

அந்த ஒரு நிமிஷத்தைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் கல் எப்படி வந்தது என்று சொல்லாமல் அதைச் சொன்னால் உங்களுக்குப் புரியாது.

குப்புறப் படுத்தவள்

போன வாரம் படிக்காதவர்களுக்காக: என் கணவர் கால்வாயில் ஓவர்சீயர். நான் செங்கல்பட்டு டவுனில் பிறந்து, அங்கேயே எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள். அவர் வேலைக்காக இந்தக் கரை வீட்டுக்கு வந்தேன். கூப்பிடு தூரத்தில் வேறு வீடு கிடையாது. தூர் எடுக்கும் வேலைக்கு வரும் அஞ்சலைதான் எனக்குப் பேச்சுத்துணை. அவள் பெற்றோர் படாளம் பக்கம் யாருடைய நிலத்திலோ உழைத்தவர்கள். இவள் சர்க்கார் வேலையில் கூலி வாங்குகிறவள். அந்த நிமிர்வு அவள் பேச்சில் இருக்கும்.

ஒரு நாள் கால்வாய் வளைவில் சேறு வெட்டும்போது மண்வெட்டி ‘ணங்’ என்றது. தோண்டப் பெரிய வயிறு தெரிந்தது. பிறகு மார்பு. முகத்துச் சேற்றை யாரோ துடைத்ததும், கூடை சுமந்த பெண்கள் கூடையைக் கீழே போட்டுவிட்டுக் கண்ணைப் பொத்திக்கொண்டார்களாம்.

"மூதேவிம்மா!" என்று மூச்சிரைக்க வந்து சொன்னாள் அஞ்சலை. "நெசமான மூதேவி. கல்லுல கீது."

லட்சுமிக்கு மூத்தவள், அவள் பார்வை பட்ட வீடு விளங்காது என்பார்கள். இந்தப் பக்கத்துப் பழைய கோயில்களில் அவளுக்கும் ஒரு மூலை இருந்திருக்கிறது. எந்தக் காலத்திலோ பயந்துபோய்த் தூக்கித் தண்ணீரில் தள்ளியிருப்பார்கள்.

கிடைத்தது சர்க்கார் சொத்து, பட்டணத்து மியூசியத்துக்கு எழுதிப்போட வேண்டும், அதுவரை காவலில் இருக்க வேண்டும் என்றார் என் கணவர். காவல் என்றால் எங்கள் வீட்டுக் கொல்லை. முகம் கீழே பார்த்தபடி இருந்தால்தான் தூக்குவோம் என்று ஆட்கள் பிடிவாதமாக நின்றார்கள். அப்படியே கொண்டுவந்து கிணற்றடியில் குப்புறக் கிடத்திவிட்டுக் கைகழுவிக்கொண்டு போனார்கள்.

"வேறே எங்கேயாவது வைக்கக் கூடாதாங்க?" என்று கேட்டேன்.

"சாரதா, நீ படிச்சவ. அது கல்லு."

"கல்லுன்னு தெரியுது. நிக்கிற கல்லா இருந்தா பரவாயில்லை. இது படுத்திருக்கே."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். படித்தவள் என்று சொன்ன பிறகு வேறென்ன செய்வது?

இரண்டு வாரத்தில் மியூசியத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். தரையில் கன்னத்தை வைத்துப் பக்கவாட்டில் முகத்தைப் பார்த்தார். அளவெடுத்தார். அருமையான வேலைப்பாடு, பட்டணத்தில் எல்லாரும் பார்க்க வேண்டியது என்றார்.

"இத்தக் காசு குட்த்துப் பார்ப்பாங்களா சார்?" என்று அஞ்சலை கேட்டாள்.

"காசே வேண்டாம்மா. சும்மாவே பார்க்கலாம்."

"சும்மா குட்த்தாலும் எனக்கு வேணாம் சாமி."

அதிகாரி போகும்போது, இவளுடைய கொடியில் காக்கை இருக்கும் என்று ஒரு தகவல் சொல்லிவிட்டுப் போனார். அவருக்கு அது ஆராய்ச்சி. அன்றிலிருந்து எங்கள் மதில்மேல் காக்கை உட்கார்ந்தால் ஓடிப்போய்க் கைதட்டி விரட்டுவேன். கடற்கரையோரத்தில் காக்கைக்குப் பஞ்சமா?

எங்கள் வீட்டில் புழங்கிய சொல்

மூதேவி என்ற சொல் எங்கள் வீட்டுக்குப் புதிதல்ல. என் அம்மா புகைகிற அடுப்பை மூதேவி என்பாள். நின்றுபோன கடிகாரத்தை, பால் குடித்துவிட்டு ஓடும் பூனையை, காலை ஏழு மணிக்குத் தூங்குகிற என்னை. அம்மாவிடமிருந்து எனக்குச் சுருதி சுத்தமாக வந்து சேர்ந்தது அந்த ஒரு சொல்தான் என்று நினைக்கிறேன். கோமதியை நான் அடித்ததில்லை. அதற்குப் பதிலாகச் சொல்வேன்.

கல் வந்த பிறகு அதைச் சொல்லக் கூடாது என்று முடிவு செய்தேன். காலையில் முடிவு செய்வேன். பத்து மணிக்குள் சொல்லிவிடுவேன். சொன்ன மறுகணம் கொல்லைப்பக்கம் பார்ப்பேன், யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டது போல.

கோமதிக்கு அப்போது மூன்று வயது முடியவில்லை. ஒரு நாள் அவளைக் காணோம் என்று தேடிப்போனால் கிணற்றடியில் உட்கார்ந்திருக்கிறாள். தன் துணிப்பொம்மையைக் கல்லுக்குப் பக்கத்தில் குப்புறப் படுக்கவைத்து, முதுகைத் தட்டிக்கொண்டிருக்கிறாள்.

"சத்தம் போடாதேம்மா. ரெண்டும் தூங்குது" என்றாள்.

பொம்மையை எடுத்துக்கொண்டு ஓடிவந்தேன். அதைத் துவைத்துக் காயப்போட்டேன். துவைக்க அதே கிணற்றடிக்குத்தான் போக வேண்டியிருந்தது.

பிறகு அந்த நாள். காலையில் காய்ச்சி வைத்த பாலைத் தட்டிவிட்டாள். தரையெல்லாம் பால். "மூதேவி, எழுந்து அந்தாண்டை போ!" என்று கத்திவிட்டேன்.

அவள் அழவில்லை. கொல்லைப் பக்கம் விரலை நீட்டினாள்.

"நான் இல்ல. மூதேவி அங்க படுத்துகினு கீது."

அஞ்சலையின் பேச்சை அப்படியே பிடித்திருந்தாள். வாசலில் நின்ற அஞ்சலை, "பார்த்தியாம்மா, எம் பொண்ணு எப்படிப் பேசுது!" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். நல்ல தமிழ் பேச வேண்டுமே என்று நான் கவலைப்படுவது அவளுக்குத் தெரியும். அன்றைக்கு எனக்கு அந்தக் கவலைகூட வரவில்லை. குழந்தை சொன்னதில் ஒரு பிழையும் இல்லை என்றுதான் தோன்றியது.

வாளி நிறைவதற்குள்

அன்று பத்து மணிக்கெல்லாம் கோமதிக்கு உடம்பு கொதித்தது. அவர் செங்கல்பட்டுக்கு ஆபீஸ் வேலையாகப் போயிருந்தார். ஈரத்துணி போட்டேன். கஞ்சி கொடுத்தேன். உச்சி வெயில் நேரத்தில் கண் மேலே செருகிக்கொண்டது. கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன.

அதற்கு முன் நான் இழுப்பு வந்த குழந்தையைப் பார்த்ததில்லை. முடிந்தது என்றே நினைத்தேன். என் கத்தலைக் கேட்டு அஞ்சலை ஓடிவந்து குழந்தையைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தாள். இழுப்புக்கு இரும்பு பிடிக்க வேண்டும் என்று என் இடுப்புச் சாவிக்கொத்தைப் பிடுங்கி அதன் கையில் திணித்தாள்.

"நின்னுகினு இன்னா பாக்குறே? ஓடும்மா, தண்ணி கொண்டா!"

கிணற்றடிக்கு ஓடினேன். வாளியை இறக்கினேன். காலுக்கு ஒரு முழம் தள்ளி அவள் கிடந்தாள். வெயிலில் அந்த முதுகு பளபளத்தது. வாளி நிறைவதற்குள் நான் சொன்னது இதுதான், ஓர் எழுத்தும் மாற்றாமல் எழுதுகிறேன்:

"என் குழந்தையை விட்டுப் போயிடு தாயே. போயிட்டா உனக்கு மஞ்சள் சேலை சாத்தறேன்."

தாயே என்று எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாது. மூதேவியிடம் யாரும் வேண்டிக்கொள்வதில்லை. மஞ்சள் எங்கிருந்து வந்தது என்றும் தெரியாது. அம்மனுக்குச் சாத்துவது மஞ்சள், அந்தப் பழக்கத்தில் வாய் தானாகப் போயிருக்கலாம். சொல்லி முடித்து, கயிற்றை இழுத்து, தண்ணீரோடு வந்தபோது இழுப்பு நின்றிருந்தது. உடம்பு மட்டும் சுட்டது.

வேலையாள் ஒருவர் சைக்கிளில் போய்த் திருக்கழுக்குன்றத்திலிருந்து டாக்டரை அழைத்துவந்தார். ஜுர வேகத்தில் சின்னக் குழந்தைகளுக்கு வருவதுதான் என்று சொல்லி மருந்து கலக்கிக் கொடுத்தார். பொழுது சாயும் முன் வேர்த்தது. ஜுரம் இறங்கியது.

மருந்து உள்ளே போன பிறகு வேர்த்ததா, போவதற்கு முன்னால் வேர்த்ததா? அன்று நான் கவனிக்கவில்லை. கவனித்திருக்க வேண்டும். இதை எத்தனையோ முறை யோசித்துவிட்டேன். சில நாள் முன்னால் என்று தோன்றும், சில நாள் பின்னால் என்று தோன்றும்.

அடுத்த வாரமே மியூசியத்திலிருந்து கடிதம் வந்தது, கல்லைப் படகில் அனுப்பும்படி. போ என்றேன். போகப் புறப்பட்டுவிட்டாள்.

டிக்கெட் ஜன்னலில் அப்பா

இங்கே என் அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் செங்கல்பட்டு ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கிறவர். எனக்கு ஏழெட்டு வயதிருக்கும்போது, ஒரு காலையில் நேரமாகிவிட்டதென்று செருப்பை மாட்டிக்கொண்டே, "சரி, நான் போறேன்" என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டார்.

அம்மா சிலையாக நின்றுவிட்டாள். நம் வீடுகளில் யாராவது அப்படிச் சொல்வோமா? போய்விட்டு வருகிறேன் என்றுதானே சொல்ல வேண்டும். போறேன் என்றால் திரும்பாமல் போகிறேன் என்றல்லவா அர்த்தம். நான் போகிற இடமெல்லாம் கடைசியில் ‘வரேன்’ என்று சொல்கிறேனா என்று அம்மா முதுகுக்குப் பின்னால் நின்று கேட்கிறவள்.

"ஓடு. போய் அப்பாவைச் சரியாச் சொல்லச் சொல்லிட்டு வா" என்றாள்.

கொளவாய் ஏரிக்கரை ஓரமாக ஓடினேன். டிக்கெட் ஜன்னலில் பெரிய வரிசை. இடுக்கில் புகுந்து கட்டையைப் பிடித்து எம்பி, "அப்பா, போயிட்டு வரேன்னு சொல்லணுமாம்!" என்றேன்.

வரிசையே சிரித்தது. அப்பா யாருக்கோ சில்லறையை எண்ணிக்கொண்டே, "போயிட்டு வரேன், போயிட்டு வரேன், போயிட்டு வரேன். உங்கம்மாவுக்கு மூணு போதுமா?" என்றார். யாரோ ஒருவர், "ஐயா, கூடுவாஞ்சேரிக்கு ரெண்டு குடுத்துட்டு அப்புறம் போயிட்டு வாங்க" என்றார்.

அப்பா அன்று மாலை வழக்கம்போல் வந்து சேர்ந்தார். ஆனாலும் நான் வந்து சொல்லும் வரை அம்மா வாசலைவிட்டு நகரவில்லை. அந்த முகம் எனக்குள் தங்கிவிட்டது. யார் கிளம்பினாலும், எந்த அவசரத்திலும், என் வாய் தானாகச் சொல்லிவிடும்.

வா

இப்போது படகுக்கு வருகிறேன்.

"அப்ப வர்றோம்மா" என்றார் பெரியவர். படகு கரையைவிட்டு ஓர் ஆள் நீளம் விலகியது. நான் வைக்கோல்மேல் கிடந்த அந்த முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"போயிட்டு வா" என்றேன்.

அஞ்சலை சட்டென்று திரும்பினாள்.

"இன்னாம்மா சொன்னே?"

"பெரியவருக்குச் சொன்னேன்."

"அவுரு உங்கொப்பன் வயசு. அவுரப் போயி வா போன்னு பேசுவியா நீ? ஒரு நாளு பேசி நான் கேக்கலியே."

அவள் சொன்னது சரி. பெரியவருக்கென்றால் ‘போயிட்டு வாங்க’ என்றிருப்பேன். வா என்று யாரைச் சொல்வேன்? குழந்தையை. வீட்டுப் பெண்களை. சாமியை.

"கூப்பிட்டுட்டியேம்மா" என்றாள் அஞ்சலை, இந்த முறை சிரிக்காமல்.

படகு வளைவில் மறைந்தது. கோமதி கையை ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

புகைபோக்கிகளுக்கு நடுவே

அதற்குப் பிறகு ஒன்றும் நடக்கவில்லை. நடக்காததுதான் எனக்குப் பயமாக இருந்தது. குழந்தை தும்மினால் நெற்றியைத் தொடுவேன். ஜுரமில்லை என்றால் மறுகையால் தொடுவேன். செங்கல்பட்டுக் கடையில் ஒரு மஞ்சள் நூல் சேலை வாங்கிப் பெட்டியின் அடியில் வைத்தேன். அவரிடம் சொல்லவில்லை. சொன்ன வாக்கை முடித்துவிட்டால், அழைத்தது என்ற பேச்சும் அதோடு முடிந்துபோகும் என்று ஒரு கணக்கு. அல்லது முடியாது. எனக்கு இரண்டும் மாறிமாறித் தோன்றின.

கோடையில் மதகுக் கதவைத் தூக்கும் பல்சக்கரம் உடைந்தது. புதிதாக வார்த்து வாங்க அவர் சென்னைக்குப் போக வேண்டியிருந்தது. நாங்களும் வருகிறோம், குழந்தை மியூசியம் பார்க்கட்டும் என்றேன். சேலை என் பையில், குழந்தையின் மாற்றுத்துணிக்கு அடியில்.

பெரம்பூர்ப் பக்கம் அவர் தேடிப்போன வார்ப்படப் பட்டறை இருந்தது. எங்கே பார்த்தாலும் புகைபோக்கி. கொடியில் காயும் வேட்டியெல்லாம் கரி படிந்து பழுப்பாக இருந்தது. திடீரென்று ஆலைச் சங்கு ஊதியது. நான் கோமதியின் காதைப் பொத்தினேன். என் காதைப் பொத்த ஆளில்லை. பட்டறைக்குள் நான்கு பேர் ஒரு கொப்பரையைத் தூக்கிவந்து, உருகிய இரும்பை மண் அச்சில் ஊற்றினார்கள். சூரியனைக் கரைத்து ஊற்றுவது போல இருந்தது. ஊற்றிக்கொண்டே ஒருவர் இன்னொருவரிடம் முந்தைய நாள் பார்த்த சினிமாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்! இந்த ஊரில் யாருக்கும் எதற்கும் பயமில்லை என்று நினைத்துக்கொண்டேன். இங்கேதான் அவள் வந்து சேர்ந்திருக்கிறாள்.

எழும்பூருக்குப் பஸ் ஏறினோம். இறங்க வேண்டிய இடம் எனக்குத் தெரியாது. கண்டக்டர் எட்டிப்பார்த்து, குழந்தையை மடியில் வைத்திருக்கும் என்னைப் பார்த்து, உரக்கக் கேட்டார்:

"செத்த காலேஜா? எறங்கு, எறங்கு!"

குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். மியூசியத்துக்கு ஊர்ப்பேச்சில் அதுதான் பெயர் என்று என் கணவர் காதோடு சொன்னார். மிருகக்காட்சிசாலை உயிர் காலேஜ், இது செத்த காலேஜ். பெயர்தானே என்றார். எனக்கு எல்லாமே பெயரில்தான் இருக்கிறது என்று அவருக்கு எப்படிச் சொல்வது?

வாசலில் எங்களை விட்டுவிட்டு, பல்சக்கரத்துக்குக் கையெழுத்து வாங்க ஓர் ஆபீசுக்குப் போய் மூன்று மணிக்கு வருவதாகச் சொல்லிக் கிளம்பினார்.

"போயிட்டு வரேன்" என்றார், மறக்காமல்.

கயிற்றுக்கு அந்தப்பக்கம்

உள்ளே கல் வாசனை, சுண்ணாம்பு வாசனை. பெருமாள்கள், துர்க்கைகள், தலையில்லாத ஒரு முருகன் எல்லாரும் சுவரோரம் எண் போட்டு நின்றார்கள். விளக்கில்லை, எண்ணெய்ப் பிசுக்கில்லை. குளித்துவிட்டுத் தலை துவட்டாமல் நிற்கிறவர்கள் போல.

ஒரு திருப்பத்தில் ஆலைத் தொழிலாளிகள் போலிருந்த மூன்று பேர் கூடி நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"மச்சான், இங்க வந்து பாரு. உன் மாமியா!"

"அடப்பாவி, அதே வவுறுடா!"

அவர்கள் நகர்ந்ததும் பார்த்தேன். அவள்தான்.

நிமிர்த்தி வைத்திருந்தார்கள். அவள் முகத்தை அன்றுதான் முதலில் பார்க்கிறேன். கோரமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். கோரமில்லை. கால் இரண்டையும் தொங்கவிட்டு, வீட்டு வேலை முடிந்து இப்போதுதான் உட்கார்ந்தவள் போலிருந்தாள். தொங்கிய கன்னம், பெரிய வயிறு. ஒரு பக்கம் மாட்டு முகத்தோடு ஒரு மகன். இன்னொரு பக்கம் ஒரு மகள். இரண்டு குழந்தைகளையும் அணைத்தாற்போல வைத்திருந்தாள். கோரமாக இருந்திருந்தால் எனக்குப் பயம் குறைந்திருக்கும். அவள் என்னை அடையாளம் தெரிந்தவள் போலப் பார்த்தாள்.

சின்ன அட்டையில் ‘ஜேஷ்டை. கருங்கல். செங்கல்பட்டு ஜில்லா’ என்று எழுதியிருந்தது. மூத்தவள் என்பதன் வடமொழி; நான் கூப்பிட்ட பெயர் அதில் இல்லை.

"அம்மா, எழுந்துடுச்சு!" என்று கோமதி கைதட்டினாள்.

முன்னால் ஒரு கயிறு கட்டியிருந்தது. பையைத் துழாவிச் சேலையை எடுத்தேன். மடிப்பைப் பிரிப்பதற்குள் முக்காலியில் உட்கார்ந்திருந்த காக்கிச்சட்டைக் காவல்காரர் எழுந்து வந்தார். வயதானவர்.

"இன்னாம்மா அது?"

"சேலைங்க."

"அது தெரியுது. யாருக்கு?"

நான் கல்லைப் பார்த்தேன். அவரும் பார்த்தார்.

"இத்துக்கா? இது செத்த காலேஜும்மா. இங்க கீற சாமிக்கெல்லாம் பூசையும் கெடையாது, பொடவையும் கெடையாது. தொட்டா என் வேல பூடும்."

"ஒரே நிமிஷம். தோள்ல போட்டுட்டு உடனே எடுத்துடறேன்."

"அல்லாரும் அதான் சொல்றாங்கோ. போன மாசம் ஒர்த்தரு அந்தாண்ட அம்மனுக்கு எலுமிச்சம்பயம் வச்சுட்டுப் பூட்டாரு. அது அழுவி, எறும்பு மொய்ச்சி, எனக்குத்தான் திட்டு." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆனா ஒண்ணும்மா. இதுக்குன்னு யாருமே எதுவும் கொண்டாந்தது இல்ல. நீதான் மொத ஆளு."

அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். அப்படியென்றால் இவளை வா என்று சொன்னவளும் நான் ஒருத்திதான்.

சேலையை மடித்து உள்ளே வைத்தேன். மூன்று மணியாகப் போகிறது. கிளம்ப வேண்டும். கிளம்ப முடியவில்லை. என்ன சொல்லிக் கிளம்புவது? போயிட்டு வரேன் என்று இவளிடம் சொல்லலாமா? அது இன்னொரு வாக்கு. போறேன் என்று சொல்லலாமா? கையில் குழந்தையை வைத்துக்கொண்டு, என் அம்மா வயிற்றில் பிறந்துவிட்டு, அந்தச் சொல்லை எப்படிச் சொல்வேன்? ஒன்றும் சொல்லாமல் திரும்பினால் மரியாதையில்லை.

கோமதி என் கையை உதறிவிட்டுக் கயிற்றுக்குப் பக்கத்தில் போனாள். நான் கற்றுக்கொடுத்தபடி, ஓர் எழுத்து பிசகாமல், உரக்கச் சொன்னாள்:

"போயிட்டு வரேன்!"

கூடம் முழுவதும் எதிரொலித்தது. காவல்காரர் சிரித்துவிட்டு, "போய்ட்டு வா கண்ணு, போய்ட்டு வா" என்றார், கல்லுக்குப் பதிலாக.

கேட்கிறேன்

ரயிலில் பொத்தேரி தாண்டும்போது அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கிணற்றடி, சேலை, வா என்றது, எல்லாம். அவர் கோபப்படவில்லை.

"நீ சொன்னது படகுக்காரருக்கு. அவர் அடுத்த வாரமே திரும்பி வந்துட்டார், உப்பு ஏத்திக்கிட்டு. உன் வாக்கு பலிச்சாச்சு. இதுக்கு மேல என்ன?"

"அவருக்கு வாங்கன்னுல்ல சொல்லியிருப்பேன்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த மஞ்சள் சேலை இன்னும் பெட்டியில் இருக்கிறது. நான் கட்டப் பயம், பிறருக்குக் கொடுக்கப் பயம், வேறு அம்மனுக்குச் சாத்தினால் வாக்கு மாறிப்போகும் என்று பயம். மியூசியத்துக்கு மனு எழுதலாம் என்று அவர் கேலியாகச் சொல்கிறார். நான் நிஜமாகவே இரண்டு முறை எழுதிக் கிழித்துப்போட்டேன்.

கோமதிக்கு இப்போது பள்ளிக்கூடம் போகிற வயது. ஞாயிற்றுக்கிழமை வந்தால், "வரேன்னு சொல்லிட்டு வந்தேனே, எப்பம்மா போறோம்?" என்கிறாள். சொன்ன சொல் தவறக் கூடாது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான்தான். மூதேவி என்று அவளைத் திட்டுவதை விட்டுவிட்டேன். அது ஒன்றில் மட்டும் ஜெயித்தேன்.

எனக்கு மறுபடி நாள் தள்ளியிருக்கிறது. இரண்டு குழந்தைகளோடு உட்கார்ந்திருக்கும் ஒருத்தியின் முன்னால், ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு இன்னொன்றை வயிற்றில் சுமந்துகொண்டு நான் போய் நிற்கலாமா? போகாவிட்டால் மகள் கொடுத்த வாக்கு என்ன ஆவது? போனால் அந்தச் சேலையை எடுத்துப்போவதா, வீட்டிலேயே விட்டுப்போவதா? திரும்பும்போது என்ன சொல்லிவிட்டுத் திரும்புவது?

இந்தப் பத்திரிகையைப் படிக்கிறவர்களில் என்னைவிடப் பெரியவர்கள் இருப்பீர்கள். கோயில் காரியம் தெரிந்தவர்கள் இருப்பீர்கள். இப்படியொரு சொல்லைத் தெரியாமல் சொல்லிவிட்டு, அதைத் திருப்பி எடுத்தவர்கள் யாராவது இருந்தால் எப்படி எடுத்தீர்கள் என்று ஆசிரியர் விலாசத்துக்கு எழுதுங்கள். இது வெறும் பயம் என்று நினைக்கிறவர்களும் எழுதுங்கள். அதையும் நம்பிப் பார்க்கிறேன். ஆவணியில் பிரசவத்துக்கு நாள் சொல்லியிருக்கிறார்கள். அதற்கு முன்னால் உங்கள் கடிதம் கிடைத்தால் நல்லது.